வியன்னா, டிராமின் கடைசி நிறுத்தம் வரை: கேள்வி பதில்

வியன்னாவுக்குக் குடிவந்து பதினாறு வருடம் ஆகிறது. ஊரிலிருந்து வருகிறவர்களையெல்லாம் ஷோன்புருன் அரண்மனைக்கும் ஷ்டெபான் பேராலயத்துக்கும் கூட்டிப்போய்க் கொண்டிருந்தேன். எல்லோரும் மன்னர்கள் தங்களுக்காகக் கட்டிக்கொண்ட ஊரைப் பார்த்துவிட்டு விமானம் ஏறிவிடுகிறார்கள் என்பது மெல்ல மெல்லத்தான் உறைத்தது. குடிதண்ணீர், வாடகை வீடு, குளிக்க ஓர் ஆற்றங்கரை, செத்தால் ஆறடி நிலம் என்று இந்த ஊர் தன் சனங்களுக்காகச் செய்துவைத்தவை டிராம் பாதைகளின் மறுமுனையில் இருக்கின்றன. அவற்றைப் பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

சென்னையிலிருந்து ஒருவர்: மொத்தம் ஐந்து நாள். இரண்டு நாள் அரண்மனைகளுக்கே போய்விடும். மீதி மூன்று நாளை எங்கே ஆரம்பிப்பது?

முதலில் ஊரைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். வியன்னாவில் 23 வட்டாரங்கள். அஞ்சல் எண்ணின் நடு இரண்டு இலக்கம்தான் வட்டார எண். 1160 என்றால் 16-ஆவது வட்டாரம். தெருப் பலகையிலும் அந்த எண் முன்னால் இருக்கும். 1-ஆவது வட்டாரம்தான் எல்லோரும் படம் எடுக்கும் பழைய நகரம். இரட்டை இலக்கத்தில் தங்குங்கள், வாடகையும் குறையும், பக்கத்து வீட்டுக்காரரும் உள்ளூர்க்காரராக இருப்பார்.

ஆரம்பிக்க வேண்டிய இடம் கார்ல் மார்க்ஸ் ஹோஃப் என்ற நகராட்சிக் குடியிருப்பு. யூ4 மெட்ரோவில் கடைசி நிறுத்தமான ஹைலிகன்ஷ்டாட்டில் இறங்கி வெளியே வந்தால் எதிரிலேயே கோட்டை மாதிரி நிற்கும். சுமார் 1,100 மீட்டர் நீளம், 1,382 வீடுகள், 1927-இல் தொடங்கி 1930-இல் திறந்தார்கள். கட்டியவர் நகராட்சிக் கட்டடக் கலைஞர் கார்ல் ஏன். முதல் உலகப் போருக்குப் பின் வியன்னாத் தொழிலாளர்கள் தண்ணீரும் கழிப்பறையும் வராந்தாவில் பொதுவாக இருக்கும் ஒற்றை அறைகளில் நெருக்கியடித்துக் கிடந்தார்கள். நகராட்சியின் நிதிப் பொறுப்பில் இருந்த ஹூகோ பிரைட்னர் 1923-இல் வீட்டு வரி ஒன்றைக் கொண்டுவந்தார். சின்ன வீட்டுக்குக் கொஞ்சம், மாளிகைக்கு மிக அதிகம். அந்தப் பணத்தில் பத்தே வருடத்தில் 60,000-க்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டினார்கள்.

வளைவு வாயிலுக்குள் நுழைந்து பாருங்கள். வாங்கிய நிலத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் கட்டடம், மற்றதெல்லாம் மரமும் முற்றமும். பொதுச் சலவைக்கூடம், குளியலறைகள், குழந்தைகள் பள்ளி, நூலகம் எல்லாம் வளாகத்துக்குள்ளேயே. பழைய சலவைக்கூடம் ஒன்றில் சின்ன அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். 1934 பிப்ரவரியில் தொழிலாளர் கிளர்ச்சியை அடக்க அரசுப் படை இந்த வீடுகள்மீது பீரங்கியால் சுட்டது. முன்னாலிருக்கும் திடலுக்கு 'பிப்ரவரி 12 திடல்' என்று பெயர் வந்தது அதனால்தான். இன்றும் வாடகைக்குக் குடியிருக்கிற வீடுகள் இவை. சன்னல்களைப் படம் எடுக்காதீர்கள், கொடியில் துணி காயும். கட்டடத்தின் மறுபக்கத் தெருவில் டி டிராம் போகும். அதில் ஏறி நுஸ்டோர்ஃப் கடைசி நிறுத்தத்தில் இறங்கினால் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே காலன்பெர்க் மலை ஏறும் 'நகர நடைபாதை 1' தொடங்குகிறது. காலையில் மார்க்ஸ், மாலையில் மலை. ஒரு நாள் முடிந்தது.

சூரிச்சிலிருந்து: அக்கா, நாங்கள் ஜூலையில பிள்ளைகளோட வாறம். ரெண்டு பேருக்கும் மியூசியம் எண்டாலே அலுப்பு. தண்ணி விளையாட்டு இருந்தாச் சொல்லுங்கோ.

டோனவ் இன்ஸலுக்குக் கூட்டிப்போங்கள். டான்யூப் நடுவில் 21 கிலோமீட்டர் நீளத் தீவு, அகலம் அதிகபட்சம் 250 மீட்டர். இயற்கைத் தீவு இல்லை. வெள்ளத்துக்காக இரண்டாவது ஓடை ஒன்றை 1972 முதல் 1988 வரை தோண்டினார்கள், தோண்டிய மண்ணைக் கொட்டி உண்டானதுதான் தீவு. 2024 செப்டம்பரில் அடைமழை பெய்தபோது டான்யூப் வெள்ளத்தைத் தாங்கியது இந்த ஓடைதான். யூ1 மெட்ரோ தீவின் மேலேயே நிற்கும். நீந்தக் கட்டணம் கிடையாது. சைக்கிள் வாடகைக்கு எடுக்கலாம். நிறுத்தத்துக்குப் பக்கத்திலேயே துண்டை விரிக்காமல் பத்து நிமிடம் நடந்துபோய்விடுங்கள், கூட்டம் பாதியாகிவிடும்.

போத்தல் தண்ணீர் வாங்க வேண்டாம். குழாயில் வருவது ஆல்ப்ஸ் மலை ஊற்று. முதல் நீர்ப்பாதை 1873-இலும் இரண்டாவது 1910-இலும் திறக்கப்பட்டன. பம்பு இல்லாமல் சரிவிலேயே ஓடி வருகிறது. இரண்டாவது பாதையில் வரும் தண்ணீர் நகரத்தை அடைய ஒன்றரை நாள் ஆகும். தெருவோரம் 1,000-க்கும் மேற்பட்ட குடிநீர்க் குழாய்கள் உண்டு. எங்கள் அப்பா முதல் தடவை வந்தபோது ஒரு வாய் குடித்துவிட்டு, குற்றாலத்துக்குப் போயிருந்தபோது குடித்த தண்ணீர் என்றார். பிள்ளைகளிடம் அந்த ஒன்றரை நாள் கணக்கைச் சொல்லிக் குடிக்கக் கொடுங்கள்.

மதுரையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர்: என் மனைவிக்கு முழங்கால் வலி. படி ஏற முடியாது. நீங்கள் சொல்வது எல்லாம் நடையாக இருக்கிறதே?

உங்களுக்கு டிராம்தான், ஐயா. உள்ளூரில் செல்லமாக 'பிம்' என்பார்கள். தாழ்தளப் பெட்டிகளில் நடைமேடையிலிருந்து ஏறுவது ஏறத்தாழ வாசற்படி தாண்டுவது போலத்தான். பழைய வண்டிகள் சில தடங்களில் இன்னும் படிகளோடு ஓடலாம், நிறுத்தப் பலகையில் சக்கர நாற்காலிக் குறி போட்ட வண்டிக்குக் காத்திருங்கள். அம்மாவைச் சன்னல் ஓரம் உட்கார வையுங்கள். தாள் சீட்டு வாங்கினால் ஏறியதும் நீலப் பெட்டியில் செருகி முத்திரை போட மறக்காதீர்கள். வாயிலில் தடுப்பு எதுவும் இல்லாததால் நம் ஊர்க்காரர்கள் பலர் இதை விட்டுவிட்டு அபராதம் கட்டியிருக்கிறார்கள்.

இறங்குவதென்றால் 2-ஆவது வட்டாரத்து ஔகார்ட்டன் பூங்கா. முழுக்கச் சமதளம், நிறைய பெஞ்சுகள். பேரரசர் இரண்டாம் ஜோசப் 1775-இல் இதைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார். 'எல்லா மனிதருக்கும் உரிய மகிழ்விடம்' என்ற பொருளில் வாயிலில் எழுதியிருக்கும். உள்ளே போனால் நடுவில் இரண்டு ராட்சசக் கான்கிரீட் கோபுரங்கள். இரண்டாம் உலகப் போரில் நாஜிகள் விமானங்களைச் சுட எழுப்பியவை. ஊரில் இப்படி ஆறு உண்டு. சுவர்களின் கனமும் சுற்றியுள்ள வீடுகளும் இடிக்க விடவில்லை. அந்தக் கோபுரத்தின் நிழலில் குழந்தைகள் பந்து விளையாடுகிறார்கள். எனக்கு அந்தக் காட்சி பழகவே இல்லை.

ஹைதராபாத்திலிருந்து: குழந்தையின் படிப்புக்கு 'சிசி' ராணியின் அரண்மனைதான் பயன்படும். குடியிருப்பையும் கல்லறையையும் காட்டுவது பயணத்தை வீணாக்குவது இல்லையா?

அரண்மனையைப் பார்க்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பார்த்துவிட்டு அடுத்த நாள் லைன்ஸர் டியர்கார்ட்டனுக்குப் போங்கள். முன்பு அரச குடும்பத்தின் வேட்டைக்காடு, மதில் சுவர் இன்னும் நிற்கிறது. இப்போது யார் வேண்டுமானாலும் இலவசமாக நுழையலாம். காட்டுப்பன்றிகள் குட்டிகளோடு பாதையைக் கடக்கும். கிட்டே போகாதீர்கள், தீனி போடாதீர்கள். காட்டுக்குள்ளேயே சிசிக்காக, அதாவது பேரரசி எலிசபெத்துக்காக, அவர் கணவர் பேரரசர் பிரான்ஸ் ஜோசஃப் கட்டிய ஹெர்மஸ் மாளிகையும் இருக்கிறது. ஒரு குடும்பத்துக்கு மட்டும் இருந்த காடு எல்லோருக்குமானது எப்படி என்பதும் வரலாற்றுப் பாடம்தானே.

திருச்சியில் கட்டடக்கலை படிப்பவர்: ஓட்டோ வாக்னர் கட்டியதில் ஒன்றே ஒன்று பார்க்கலாம் என்றால் எது, அக்கா?

ஷ்டைன்ஹோஃப் தேவாலயம், யோசிக்கவே வேண்டாம் தம்பி. 14-ஆவது வட்டாரத்தில் குன்றின்மேல் தங்கக் குவிமாடம். 48ஏ பேருந்தில் போகலாம். பெரும்பாலும் வார இறுதியில்தான் உள்ளே விடுவார்கள், நேரத்தைப் பார்த்துக்கொண்டு கிளம்பு.

1904–07-இல் மனநல மருத்துவமனை நோயாளிகளுக்காகக் கட்டியது. அழகை முதலில் மறந்துவிட்டு, யாருக்காகக் கட்டினார் என்று பார். பெஞ்சுகளின் ஓரம் மழுங்கியிருக்கும், யாரும் இடித்துக் காயப்படக் கூடாது. தரை பீடத்தை நோக்கிச் சரியும், பின்வரிசைக்கும் தெரிய வேண்டும், கழுவிவிடவும் வசதி. புனித நீர் தொட்டியில் தேங்காமல் சொட்டுச் சொட்டாக விழும், நோய் தொற்றாமல் இருக்க. கோலோமன் மோசரின் வண்ணக் கண்ணாடிகளை அதற்குப் பிறகு நிமிர்ந்து பார்.

திரும்பும்போது கீழே புல்வெளியில் 772 விளக்குத் தூண்கள் வரிசையாக நிற்கும். நாஜிக் காலத்தில் இதே வளாகத்தின் 'ஷ்பீகல்கிரண்ட்' பிரிவில், வாழத் தகுதியில்லாதவர்கள் என்று முத்திரை குத்திக் கொல்லப்பட்ட குழந்தைகளுக்கான நினைவிடம். கிட்டத்தட்ட 800 குழந்தைகள். நோயாளி இடித்துக்கொள்ளக் கூடாதென்று மரத்தை மழுக்கிய அதே வளாகம். அங்கே நிற்காமல் வந்துவிடாதே.

பெங்களூரு இயற்பியல் ஆய்வாளர்: சென்ட்ரால்ஃப்ரீட்ஹோஃப் இடுகாட்டுக்குப் இயற்பியலாளர் போல்ட்ஸ்மானுக்காகப் போகிறேன். வேறென்ன பார்க்க?

போல்ட்ஸ்மான் கல்லறையில் அவர் மார்பளவுச் சிலைக்கு மேலே, ஒழுங்கின்மையின் அளவைச் சொல்லும் என்ட்ரோபி சமன்பாடு செதுக்கியிருக்கும். நல்ல காரணம்தான். 1874-இல் திறந்த இந்த இடுகாடு இரண்டரை சதுரக் கிலோமீட்டர். புதைந்திருப்பவர்கள் சுமார் 30 லட்சம் பேர், ஊரில் உயிரோடு இருப்பவர்களை விட அதிகம். 71-ஆம் எண் டிராம்தான் போகும். ஒருவர் இறந்துவிட்டால் '71-ஐப் பிடித்துவிட்டார்' என்பது வியன்னாப் பேச்சு. 1918-இல் விஷக்காய்ச்சல் பரவியபோது சடலங்களையே டிராமில் கொண்டுபோனார்கள்.

இரண்டாம் வாயிலில் இறங்கினால் இசைமேதைகள் பெட்டோவன், ஷூபர்ட், பிராம்ஸ் எல்லோரும் பக்கத்துப் பக்கத்தில். மோட்சார்ட்டுக்கு இங்கே நினைவுச் சின்னம் மட்டும், புதைத்தது சாங்க்ட் மார்க்ஸ் இடுகாட்டில். அதோடு திரும்பாமல் முதல் வாயிலின் பழைய யூதப் பகுதிக்கு நடந்துபோங்கள். பராமரிக்க வேண்டிய பேரப்பிள்ளைகள் நாடுகடத்தப்பட்டோ கொல்லப்பட்டோ போனதால் கொடி படர்ந்த கல்லறைகள், இடையில் மான்கள். இன்னொன்று, இங்கே காட்டு வெள்ளெலிகள் வளை தோண்டி வாழ்கின்றன, கல்லறை விளக்குகளின் மெழுகைத் தின்னும். கோடை மாலையில் அசையாமல் நின்றால் காணலாம்.

கும்பகோணத்திலிருந்து: நாங்கள் சுத்த சைவம். பட்டினிதானா?

இல்லை. ஆனால் இரண்டு பொறி உண்டு. சூப் பெரும்பாலும் மாட்டிறைச்சிச் சாறில் செய்வது. அப்பாவியாகத் தெரியும் வியன்னா உருளைக்கிழங்கு சாலட்டிலும் அதே சாறு ஊற்றுவார்கள். கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். 16-ஆவது வட்டாரத்து பிருன்னன் சந்தைக்குச் சனிக்கிழமை காலை போங்கள். துருக்கி, பால்கன் நாட்டு வியாபாரிகள், சுடச்சுட ரொட்டி, ஆலிவ், பழம், காய். பக்கத்து இப்பன் திடலில் விவசாயிகள் கொண்டுவந்து விற்பார்கள். யூ6-இல் யோசஃப்ஷ்டேட்டர் தெரு நிறுத்தம். ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், முந்தைய நாளே வாங்கி வையுங்கள்.

டிசம்பரில் வரப்போகும் ஒருவர்: கிறிஸ்துமஸ் சந்தை தவிர?

யூ1-இல் ரொய்மன் திடல், அமாலியன்பாத். 1926-இல் நகராட்சி தொழிலாளர்களுக்காகக் கட்டிய நீச்சல் குளம், கண்ணாடிக் கூரை, வண்ண ஓடுகள். வெளியே பனி விழும்போது வெதுவெதுப்பான நீரில் மிதக்கலாம். பிறகு ஏதாவது பழைய காபி இல்லத்தில் ஒரு 'மெலாஞ்ச்', நுரைத்த பால் சேர்த்த காபி. கூடவே ஒரு டம்ளர் தண்ணீர் வரும். ஒரு காபிக்கு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் யாரும் எழுந்திருக்கச் சொல்ல மாட்டார்கள்.

தூத்துக்குடியிலிருந்து: எங்களுடையது கடலோர ஊர். டான்யூபில் மீனவர், துறைமுகம் என்று ஏதாவது உண்டா?

அல்பெர்ன் துறைமுகத்துக்குப் போங்கள். தானியக் கிடங்குகளுக்குப் பின்னால், வெள்ளத்தடுப்புக் கரையின் மறுபுறம், 'பெயரற்றோர் இடுகாடு' இருக்கிறது. இந்த வளைவில் ஆறு சுழித்ததால், மேலே எங்கோ விழுந்தவர்களின் உடல்களை 1840 முதல் நூறு வருடம் இங்கேதான் கரையில் ஒதுக்கியது. துறைமுகம் கட்டியதும் நீரோட்டம் மாறியது, உடல்கள் வருவது நின்றது. இப்போது இருக்கும் பகுதியில் 104 பேர், அதில் 61 பேர் யாரென்றே தெரியாது. கல்லறைகளில் கறுப்பு இரும்புச் சிலுவை, யாரென்று தெரியாதவர்களுக்குப் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் 'பெயரற்றவர்' என்று ஒரு சொல்.

அனைத்துப் புனிதர் நாளுக்குப் பின் வரும் முதல் ஞாயிறு மதியம் உள்ளூர் மீனவர் சங்கத்தார் மாலைகள், மெழுகுவத்திகள் வைத்த ஒரு தெப்பத்தை ஆற்றில் விடுவார்கள். நவம்பர் தொடக்கத்தில் வந்தால் அதைப் பாருங்கள். 76ஏ பேருந்து போகும், ஆனால் அடிக்கடி கிடையாது. இறங்கும்போதே திரும்பும் வண்டியின் நேரத்தை நிறுத்தப் பலகையில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஆற்றங்கரையில் காற்று பலமாக இருக்கும், ஸ்வெட்டர் வேண்டும்.