ஜெர்மன் டிராத்தார் நாயை வளர்ப்பது எளிதா?

“அதிகம் முடி கொட்டாதாம், அடிக்கடி குளிப்பாட்டவும் வேண்டாமாம், அப்படியானால் டிராத்தாரை வளர்ப்பது சுலபம்தானே?” என்று கேட்டிருக்கிறீர்கள். முடி விஷயம் பாதி உண்மை. மேல்முடி கம்பிபோல் விறைப்பானது. சேறு காய்ந்ததும் தட்டினாலே உதிர்ந்துவிடும். ஆனால் வாரம் ஒருமுறை சீவ வேண்டும். செத்த முடியை அவ்வப்போது விரலால் பிடுங்கி எடுக்க வேண்டும். கத்தரித்தால் விறைப்புப் போய்விடும். தாடி தனிக்கதை. தண்ணீர் குடித்த கையோடு வந்து உங்கள் மடியில்தான் முகத்தைத் துடைக்கும்.

உண்மையான சிரமம் அதன் மூளையில் இருக்கிறது. 1902-இல் ஜெர்மனியில் இதற்கெனச் சங்கம் அமைத்த வேட்டைக்காரர்களுக்கு, பறவை பதுங்கிய இடத்தைச் சுட்டிக்காட்டவும், காயம்பட்ட மானை மோப்பம் பிடிக்கவும், ஏரியில் விழுந்த வாத்தை எடுத்துவரவும் ஒரே நாய் தேவைப்பட்டது. அப்பேர்ப்பட்டதைப் பூட்டிவைத்தால் சோபாவைப் பிய்த்துத் தனக்கு வேலை தேடிக்கொள்ளும். அரைமணி நேரத் தெருநடையை நான் கணக்கிலேயே சேர்க்க மாட்டேன். தினமும் இரண்டு மணி நேரமாவது ஓட்டம், நீச்சல், தேடல் வேண்டும். நீந்தியபின் காதைத் துடையுங்கள். ஆழ்ந்த மார்புள்ள நாய் என்பதால் வயிறு முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு, உண்டதும் ஓடவிடாதீர்கள். வயிறு உப்பி, வாந்தி வராமல் ஓங்கரித்தால் அந்த நிமிடமே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். பூனையும் இருக்கும் வீடென்றால் வேறு இனம் பாருங்கள்.