பத்மநாபதாசர்களும் சாமித்தோப்பும்

அன்புள்ள ஐயா,

நவராத்திரிக்குச் சாமி விக்கிரகங்கள் திருவனந்தபுரம் புறப்படும்போது பத்மநாபபுரம் அரண்மனையில் உடைவாள் கைமாறுவதைப் பார்த்தேன். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா நாட்டையே பத்மநாபசுவாமிக்கு எழுதிக்கொடுத்துவிட்டு, அவருடைய தாசனாக இருந்து ஆண்டவர். நாடு தன்னுடையது இல்லை என்று சொன்ன மன்னர், ஓட்டு வாங்கி வருகிறவரைவிட நியாயமானவர் இல்லையா? அந்தக் குடும்பத்தின் உரிமையை 2020இல் உச்ச நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டதே?

ஒரு வாசகர், தக்கலை

அன்புள்ள நண்பருக்கு,

அந்தத் தீர்ப்பு கோயில் நிர்வாகத்தைப் பற்றியது. மன்னர்களுக்கு இருந்த அங்கீகாரம் 1971இல் 26ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தோடு முடிந்துவிட்டது.

இனி தாசன் விஷயம். நாட்டைச் சாமிக்கு ஒப்புக்கொடுத்த திருப்படித்தானம் நடந்தது 1750இல். தன்னை எதிர்த்த பிரபுக்களான எட்டுவீட்டில் பிள்ளைமாரை ஒழித்து, காயங்குளம், அம்பலப்புழை என்று வடக்கே இருந்த நாடுகளைப் பிடித்த பிறகுதான் வாளும் நாடும் சாமியின் படியில் வைக்கப்பட்டன. மார்த்தாண்ட வர்மாவின் பக்தியை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு மன்னரை எதிர்ப்பவன் சாமியையே எதிர்ப்பவன் ஆகிவிட்டான்.

சரி, நாடு பத்மநாபனுடையது என்றே வைத்துக்கொள்வோம். அந்த மண்ணில் பாடுபட்டவனும் பத்மநாபனுடையவன்தானே? நம் பக்கத்துச் சாணார்களும் பறையர்களும் புலையர்களும் தலைவரி கட்டினார்கள், கூலியில்லாமல் ஊழியம் செய்தார்கள். அவர்களுடைய பெண்கள் மார்பை மறைக்கத் தோள்சீலை போட்டதற்காக அடிபட்டார்கள். எந்தச் சாமியின் பெயரில் இதெல்லாம் வாங்கப்பட்டதோ அந்தச் சாமியின் கோயிலுக்குள் 1936 வரை அவர்களால் கால் வைக்க முடியவில்லை. உங்கள் வாதம் எனக்கு உடைவது இங்கேதான்.

இதற்கு முதல் பெரிய பதிலும் சாமியின் பெயரிலேயே வந்தது, அதுவும் நம் குமரி மாவட்டத்திலிருந்து. சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் தன்னை நாராயணனின் அவதாரம் என்று அறிவித்தார், திருவிதாங்கூர் மன்னரை நீசன் என்றார். நாராயணனுக்கு நான் தாசன் என்று சொன்ன அரசனை, அந்த நாராயணனின் பெயராலேயே கேள்வி கேட்டார்! வழிபட வரும் ஆண்கள் எல்லோரையும் தலைப்பாகை கட்டச் சொன்னார். இன்றைக்கும் அய்யாவழிக் கோயில்களான பதிகளில் அப்படித்தான் கட்டுகிறார்கள். எல்லாச் சாதியும் ஒரே கிணற்றில் தண்ணீர் எடுக்க வைத்தார். மேல்சாதி அதிகாரிகளுக்கு இது வெறும் பக்தியாகத் தெரியவில்லை. அவர்கள் சரியாகத்தான் புரிந்துகொண்டார்கள். சுவாதித் திருநாள் ஆட்சியில் அய்யா திருவனந்தபுரம் சிங்காரத்தோப்புச் சிறையில் அடைக்கப்பட்டார்.

1936இல் கோயிலைத் திறந்துவிட்டவரும் மன்னர்தானே என்று நீங்கள் கேட்கலாம். ஆமாம், சித்திரைத் திருநாளின் அந்தப் பிரகடனத்தை மனதார மதிக்கிறேன். ஆனால் அதற்கு முன்பே வைக்கத்திலும் நம் சுசீந்திரத்திலும் ஜனங்கள் கோயில் தெருவில் நடக்கும் உரிமைக்காகச் சத்தியாக்கிரகம் இருந்து அடி வாங்கியிருக்கிறார்கள்.

ஓட்டு வாங்கி வருகிறவர் மேல் உங்களுக்கு உள்ள கோபம் எனக்கும் உண்டு. ஆனால் அவரைத் திட்டினால் யாரும் உங்களைச் சாமிக்கு விரோதி என்று சொல்ல முடியாது. அடுத்த தேர்தலில் வீட்டுக்கும் அனுப்பலாம். ஊழியம் செய்த நம் முன்னோர்களுக்கு அந்த இரண்டும் இல்லை.