பாதி சார்ஜிலேயே படுத்துவிடும் பேட்டரி: வாசகர் கேள்வி பதில்

மின்சார வண்டி பேட்டரி பற்றி வந்த கேள்விகள் சேர்ந்துகொண்டே போகின்றன. ஒரே மாதிரியானவற்றை ஒன்றாக்கி, இந்த முறை பேட்டரிக்கே இடத்தைக் கொடுத்துவிட்டேன்.

கே: என் மின்சார ஸ்கூட்டருக்கு மூன்று வயது. 48 வோல்ட் லித்தியம் பேட்டரி. மீட்டரில் பாதி சார்ஜ் காட்டும்போதே ஏற்றத்தில் பொட்டென்று அணைந்துவிடுகிறது. சாவியை அணைத்துப் போட்டால் மறுபடி கிளம்பும், மெதுவாக ஓட்டினால் வீடு வரை வந்தும்விடும். மெக்கானிக் மொத்த பேட்டரியும் போச்சு என்கிறார். உண்மையா?

ப: போயிருக்கலாம். ஆனால் அப்படிச் சொல்வதற்கு முன்னால் அவர் எதையாவது அளந்து பார்த்தாரா? பார்க்கவில்லை என்றால் அவர் சொன்னது ஜோசியம்.

அடுத்த முறை அணையும்போது ஒன்றைக் கவனியுங்கள். டிஸ்ப்ளே, விளக்கு எல்லாம் சேர்ந்து அணைகிறதா, இல்லை டிஸ்ப்ளே எரிந்துகொண்டிருக்க மோட்டார் மட்டும் கைவிடுகிறதா? மோட்டார் மட்டும் நின்றால் அது பெரும்பாலும் கன்ட்ரோலரின் (மோட்டாருக்குப் போகும் கரண்டைக் கட்டுப்படுத்தும் பெட்டி) வேலை, மொத்த வோல்டேஜ் தன் வரம்புக்குக் கீழே இறங்கியதைப் பார்த்து நிறுத்தியிருக்கிறது. எல்லாமே செத்துப்போனால் பேட்டரிக்குள் காவலுக்கு உட்கார்ந்திருக்கும் பிஎம்எஸ் என்ற சர்க்யூட் போர்டு கதவைச் சாத்தியிருக்கிறது, அல்லது எங்கோ ஒரு கனெக்டர் ஆடுகிறது. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் இரண்டாவது வகை.

பாதி சார்ஜில் ஏன் சாத்த வேண்டும்? 48 வோல்ட் பேட்டரி என்பது பொதுவாக 13 குழுக்கள் சீரீஸில், அதாவது ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தது. ஒவ்வொரு குழுவிலும் நான்கைந்து செல்கள் பேரலலாக, அதாவது பக்கம் பக்கமாக இணைந்து இருக்கும். ஒரு குழு நிறைந்திருந்தால் 4.2 வோல்ட், அதனால்தான் முழு சார்ஜில் 54.6 வருகிறது. இப்போது 12 குழுக்கள் நன்றாக இருக்கின்றன, ஒன்று மட்டும் சொத்தை என்று வையுங்கள். ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை முறுக்கும்போது நல்ல குழுக்கள் ஆளுக்கு 3.6 வோல்டில் நிற்கின்றன, சொத்தைக் குழு 2.8-க்குச் சரிகிறது. மொத்தம் 46 வோல்ட். மீட்டர் மொத்தத்தை மட்டும்தான் பார்க்கும், அதற்கு இது கிட்டத்தட்ட பாதி சார்ஜ். பிஎம்எஸ் குழு குழுவாகப் பார்க்கும், அதன் கண்ணுக்கு ஒரு குழு தரைதட்டிவிட்டது, உடனே துண்டிக்கிறது. மெதுவாக ஓட்டினால் கரண்ட் குறைவு, சரிவும் குறைவு, அதனால் வீடு வந்து சேர்கிறீர்கள். மீட்டர், பிஎம்எஸ் இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

ஆகவே தேவை மொத்த வோல்டேஜ் இல்லை, 13 எண்கள். ஆப்பில் குழு வாரியாகக் காட்டும் வண்டி என்றால் அதிர்ஷ்டம். இல்லையென்றால் பேட்டரியைத் திறந்து, பிஎம்எஸ்ஸுக்குப் போகும் மெல்லிய பேலன்ஸ் ஒயர்களின் கனெக்டரில் அடுத்தடுத்த இரண்டு பின்களுக்கு நடுவே அளக்க வேண்டும். மல்டிமீட்டரின் சிவப்பு ஒயர் வோல்ட் துளையில்தான் இருக்க வேண்டும், 10 ஆம்பியர் துளையில் இருந்தால் தொட்ட நொடியில் ஷார்ட். மீட்டரின் இரண்டு ஊசிகளுக்கும் நுனியில் இரண்டு மில்லிமீட்டர் மட்டும் விட்டு டேப் சுற்றிவிடுங்கள், பக்கத்துப் பின்னில் சறுக்கினால் அங்கேயும் அதே கதைதான். இதெல்லாம் கைவராது என்றால் திறக்கவே வேண்டாம், தெரிந்தவரிடம் கொடுங்கள். ஆனால் "13 எண்களையும் தாளில் எழுதிக் கொடுங்கள், இரண்டு முறை" என்று கேட்டு வாங்குங்கள். முழு சார்ஜ் செய்து ஒரு மணி நேரம் ஆறவிட்டு ஒரு முறை, வண்டி அணைந்த பிறகு ஒரு முறை.

இரண்டு முறை கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. முழு சார்ஜில் எல்லாம் 4.18, 4.19 என்று ஒன்றாக நின்று, அணைந்த பிறகு பார்க்கும்போது ஏழாவது குழு மட்டும் 3.1-இல் கிடந்து மற்றவை 3.65-இல் இருந்தால், அந்தக் குழு கொள்ளளவை இழந்துவிட்டது. சின்னக் குடம் ஆகிவிட்டது, சீக்கிரம் நிறையும், சீக்கிரம் தீரும். செல் மாற்றித்தான் ஆக வேண்டும். ஆனால் முழு சார்ஜிலேயே ஏழாவது 4.0-இல் பின்தங்கி, கீழேயும் பின்தங்கியே இருந்தால் கதை வேறு. குடம் பழைய அளவுதான், நிரப்பும்போதே குறையாக நிரம்புகிறது. மற்ற குழுக்கள் முதலில் உச்சியைத் தொட, பிஎம்எஸ் சார்ஜை நிறுத்திவிடுகிறது, பாவம் ஏழாவதுக்குப் பந்தியில் இடமே கிடைப்பதில்லை. இதை பேலன்ஸ் பண்ணி மீட்க முடியும். முழு சார்ஜ் ஆன பிறகும் சார்ஜரை மாட்டியே வைத்தால், நிறைந்த குழுக்களிலிருந்து பிஎம்எஸ் கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்டை எரித்துவிட்டு ஏழாவதுக்கு வழிவிடும். மெதுவான வேலை: சாதாரண பிஎம்எஸ் எரிப்பது 50 மில்லிஆம்பியர் அளவில்தான், ஒரு ஆம்பியர்-அவர் வித்தியாசத்தைச் சரிசெய்ய 20 மணி நேரம். ஆள் கண்காணிப்பில், தீப்பிடிக்கும் பொருள் எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில் செய்யுங்கள், போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள்.

பேலன்ஸ் ஆன பிறகு ஓட்டாமல் பத்து நாள் நிறுத்திவைத்து மறுபடி அளந்து பாருங்கள். அதே குழு மட்டும் தனியாக இறங்கியிருந்தால் ஒன்று செல்லுக்குள்ளேயே சார்ஜ் தானாகக் கசிகிறது, அல்லது பிஎம்எஸ்ஸே அந்தக் குழுவை உறிஞ்சுகிறது. பிஎம்எஸ் கனெக்டரைக் கழற்றிவைத்து இன்னொரு வாரம் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். செல்தான் கசிகிறது என்றால் அந்தக் குழுவை நம்ப வேண்டாம்.

வண்டியை ஸ்டாண்டில் போட்டு சக்கரத்தைச் சுற்றவிட்டு "பாருங்க, வோல்டேஜ் நல்லா இருக்கு" என்று யாராவது காட்டினால் ஏமாறாதீர்கள். சும்மா சுற்றும் மோட்டார் இழுக்கும் கரண்ட் ரொம்பக் கொஞ்சம். சுமையே இல்லாமல் எந்தக் கிழட்டு பேட்டரியும் இளமையாகத்தான் தெரியும்.

கே: ஆப்பில் ஐந்தாவது குழு 3.41, ஆறாவது 4.15, மற்ற எல்லாம் 3.78 காட்டுகிறது. இரண்டு குழுவுமே போய்விட்டதா?

ப: இரண்டையும் கூட்டுங்கள். 7.56 வருகிறதா? அது சரியாக 3.78-இன் இரண்டு மடங்கு. இப்படி ஒன்று ஏற, பக்கத்தில் உள்ளது அதே அளவு இறங்கினால் எனக்கு முதல் சந்தேகம் செல்கள் மேல் வராது, இரண்டுக்கும் நடுவே போகும் பேலன்ஸ் ஒயர் மேல்தான் வரும். சால்டர் விட்டிருக்கும், அல்லது கனெக்டர் பின்னில் துரு. செல்லிலேயே நேரடியாக மீட்டரை வைத்து அளந்தால் இரண்டும் 3.78 காட்டும். ஆனால் சும்மா விட்டுவிடாதீர்கள், பிஎம்எஸ் இந்தப் பொய்யான எண்ணை நம்பித்தான் சார்ஜ் செய்கிறது, பேலன்ஸும் செய்கிறது.

கே: நான் ஓட்டுவது ஒற்றைச் சக்கர மின்வண்டி, 84 வோல்ட். திடீரென்று ஒரே நாளில் தூரம் பாதியாகிவிட்டது. முழு சார்ஜில் வோல்டேஜ் சரியாகவே காட்டுகிறது. வேகமெடுத்தால் மட்டும் எச்சரிக்கை ஒலி வருகிறது. மெதுவாக ஓட்டிச் சமாளிக்கலாமா?

ப: வேண்டாம். இன்றே நிறுத்துங்கள்.

ஸ்கூட்டர் அணைந்தால் உருண்டு நிற்கும், உங்கள் வண்டி மோட்டாரின் பலத்தில்தான் உங்களை நிமிர்த்திவைத்திருக்கிறது. பேட்டரியால் கொடுக்க முடியாத கரண்டை அது கேட்கும் நொடியில் நீங்கள் முகம் குப்புற விழுவீர்கள். தூரம் படிப்படியாகக் குறைந்தால் வயசு, ஒரே நாளில் சரிபாதி ஆனால் அது வயசு இல்லை. இந்த வண்டிகளில் பலவற்றில் இரண்டு பேட்டரி பேக்குகள் பேரலலாக இருக்கும். ஒன்று கழன்றுவிட்டாலோ உள்ளே ஃபியூஸ் போய்விட்டாலோ மற்றது தனியாக 84 வோல்ட் காட்டிக்கொண்டே இருக்கும், ஆனால் இருவர் சுமையை ஒருவர் தூக்கும். அதனால்தான் வோல்டேஜ் சரி, தூரம் பாதி, வேகத்தில் அலறல்.

இரண்டையும் கழற்றித் தனித்தனியாக அளக்க வேண்டும். ஒன்று 83, மற்றது 66 என்று வந்தால் அப்படியே திரும்ப மாட்டிவிடாதீர்கள், உயரத்தில் இருப்பதிலிருந்து தாழ்ந்ததுக்குக் கரண்ட் வெள்ளமாகப் பாயும், கனெக்டரே உருகலாம். தவிர 60 வோல்டுக்கு மேல் டிசி என்பது வெறும் கையால் தொட்டுப்பார்க்கும் சமாசாரம் இல்லை. பழக்கம் உள்ளவரிடம் கொண்டுபோங்கள்.

கே: சார்ஜரை மாட்டிய பத்தே நிமிஷத்தில் பச்சை விளக்கு. வண்டியோ கொஞ்ச தூரம்தான் ஓடுகிறது.

ப: பச்சை என்றால் "நிறைந்துவிட்டது" என்று அர்த்தம் இல்லை, "கரண்ட் போவது நின்றுவிட்டது" என்று மட்டும்தான் அர்த்தம். பேட்டரியை அளந்து பாருங்கள். 54.6 பக்கத்தில் இருந்தால் நிஜமாகவே நிறைகிறது, கொள்ளளவுதான் போய்விட்டது. 50, 51 என்று இருந்தால் யாரோ பாதியில் நிறுத்துகிறார்கள்: ஒரு குழு உச்சியைத் தொட்டுவிட்டது, அல்லது சார்ஜிங் துளையில் ஃபியூஸோ பின்னோ சரியில்லை, அல்லது சார்ஜரே குறைந்த வோல்டேஜில் நிற்கிறது. சார்ஜரைத் தனியாக அளப்பது ஒரு நிமிஷ வேலை, அதிலிருந்து ஆரம்பியுங்கள்.

என் கதை ஒன்று. என் வண்டி வேகமெடுக்காமல் திணறியபோது பேட்டரி போச்சு என்று முடிவே கட்டி, புதுசு தேட ஆரம்பித்துவிட்டேன். ஏதோ தோன்றி, ஓட்டிவிட்டு வந்த கையோடு சீட்டைத் தூக்கி மெயின் கனெக்டரைத் தொட்டேன், சுரீரென்று சுட்டது. ஒரு பக்கப் பிளாஸ்டிக் காபி நிறத்துக்கு மாறி லேசாக இளகியிருந்தது. அந்த இணைப்பில் 0.05 ஓம் தடை சேர்ந்திருந்தாலே போதும், 20 ஆம்பியர் போகும்போது ஒரு வோல்ட் அங்கேயே தொலைந்து 20 வாட் சூடாகிவிடும். கனெக்டரை மாற்றினேன், வண்டி பழையபடி ஓடுகிறது. அன்றிலிருந்து எதையும் அளப்பதற்கு முன்னால் ஒயர்களைத் தடவிப் பார்ப்பதுதான் முதல் வேலை.

கே: ஆறு மாதம் ஓட்டாமல் போட்டுவைத்த பேட்டரி சுத்தமாக இறங்கிவிட்டது. பிஎம்எஸ்ஸைத் தாண்டி நேராக செல்களுக்குச் சார்ஜ் கொடுத்தால் உயிர் வரும் என்று வீடியோவில் காட்டுகிறார்களே?

ப: வரும், அதுதான் பிரச்சினையே. கொள்ளிக்கட்டையை எடுத்துத் தலையைச் சொறிகிற வேலை அது. செல் வோல்டேஜ் 2-க்குக் கீழே இறங்கி நாட்கணக்கில் கிடந்தால் உள்ளே இருக்கும் செம்புத் தகடு கரைய ஆரம்பிக்கிறது. மறுபடி சார்ஜ் ஏற்றும்போது அந்தச் செம்பு கண்ட இடத்தில் படிந்து உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆக வழி செய்கிறது. அன்றைக்கே ஒன்றும் ஆகாது, வீடியோ எடுத்தவரும் பத்திரமாகத்தான் இருப்பார். பிறகு ஒரு நாள், சார்ஜில் இருக்கும்போது, யாரும் பார்க்காத நேரத்தில் வேலையைக் காட்டும். பிஎம்எஸ் சார்ஜ் வாங்க மறுப்பது பழுது இல்லை, அதன் கடமை. செல் உப்பியிருந்தாலோ, இனிப்பு கலந்த ரசாயன வாடை வந்தாலோ, சும்மா இருக்கும்போதே சூடாக இருந்தாலோ அளக்கவும் வேண்டாம், வீட்டுக்கு வெளியே எடுத்துவைத்துவிட்டு பேட்டரி மறுசுழற்சி செய்பவர்களைக் கூப்பிடுங்கள்.

கே: என்னுடையது லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி. 60 சதவீதம் காட்டிக்கொண்டிருந்தது சட்டென்று 12-க்குக் குதிக்கிறது.

ப: இந்த வகை செல்கள் ஓடும் நேரத்தில் பெரும்பகுதி 3.2, 3.3 வோல்டிலேயே அசையாமல் நிற்கும், வோல்டேஜை வைத்து மிச்சம் எவ்வளவு என்று சொல்வது கஷ்டம். அதனால் மீட்டர் உள்ளே போன, வெளியே வந்த கரண்டைக் கணக்கு வைக்கிறது. எப்போதும் பாதி பாதியாகவே சார்ஜ் செய்தால் அந்தக் கணக்கு தவறிக்கொண்டே போகும். இரண்டு மூன்று முறை தொடர்ந்து முழுசாகச் சார்ஜ் செய்து பாருங்கள். குதிப்பது நின்றால் கணக்குத்தான் பிழை. நிற்காவிட்டால் மேலே முதல் பதிலில் சொன்ன எண்களை எழுதி வாங்குங்கள், இங்கே குழு எண்ணிக்கை வேறு, சார்ஜ் உச்சியும் குழுவுக்கு 3.65தான்.

கே: குளிர்காலம் வந்ததும் தூரம் குறைகிறது. பேட்டரி மாற்றணுமா?

ப: மாற்ற வேண்டாம். குளிரில் செல்லின் உள்தடை கூடும், வெயில் வந்ததும் பழைய தூரம் திரும்பிவிடும். ஒன்று மட்டும்: பூஜ்யம் டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருக்கும் பேட்டரியைச் சார்ஜில் போட்டால் லித்தியம் உலோகமாகவே உள்ளே படியும், அந்தச் சேதம் திரும்பாது. வண்டியை உள்ளே கொண்டுவந்து சில மணி நேரம் விட்டு, தொட்டால் சில்லிப்பு போன பிறகு சார்ஜரை மாட்டுங்கள்.