பிரஷர் மாத்திரையுடன் ஹாட் யோகா: கண் இருட்டுவது கழிவு வெளியேறுவதால் அல்ல

கேள்வி: எனக்கு 49 வயது. நான்கு ஆண்டுகளாக ரத்த அழுத்தத்துக்காக டெல்மிசார்டன் 40, ஹைட்ரோகுளோரோதையசைடு 12.5 இரண்டும் சேர்ந்த மாத்திரையைக் காலை ஏழு மணிக்குச் சாப்பிட்டு வருகிறேன். வீட்டுக்குப் பக்கத்தில், சூடேற்றிய அறையில் ஆசனம் செய்ய வைக்கும் ஹாட் யோகா ஸ்டூடியோவில் சேர்ந்து இரண்டு வாரம் ஆகிறது. வகுப்பு காலை ஒன்பதரைக்குத் தொடங்கி பதினொன்று வரை நடக்கும். பயிற்றுநரும் உடன் பயில்பவர்களும் மிகவும் அன்பானவர்கள். என் வயதையோ உடல்வாகையோ ஒருவரும் கேலியாகப் பார்ப்பதில்லை. ஆனால் பாதி வகுப்பு தாண்டியபின் குனிந்து நிமிரும்போதெல்லாம் கண் இருட்டிக்கொண்டு வருகிறது. உடம்பிலுள்ள கழிவு வெளியேறும்போது அப்படித்தான் இருக்கும், அறையை விட்டு வெளியே போகாமல் சமாளித்துவிட்டால் மூன்று மாதத்தில் மாத்திரையே தேவைப்படாது என்கிறார் பயிற்றுநர். இந்த வாரத்துக்குள் ஓராண்டுச் சந்தா கட்டினால் கட்டணத்தில் பாதி தள்ளுபடியாம். தொடரலாமா?

பதில்: யோகாவைத் தொடரலாம். ஆனால் கண் இருட்டுவதற்குக் காரணம் தெரிந்து அது சரியாகும்வரை சூடேற்றிய அறைக்குள் போகாதீர்கள். மாத்திரையை உங்கள் மருத்துவரைத் தவிர வேறு யார் சொன்னாலும் நிறுத்தாதீர்கள். சந்தாவை இந்த வாரம் கட்டாதீர்கள்.

சூடான அறையில் உடம்பு தன்னைக் குளிர்வித்துக்கொள்ளத் தோலுக்கு அடியிலுள்ள ரத்தக் குழாய்களை விரித்து, ரத்தத்தை அங்கே திருப்பிவிடுகிறது. கூடவே வியர்வையாக நீரையும் உப்பையும் வெளியேற்றுகிறது. இவை இரண்டுமே ரத்த அழுத்தத்தை இறக்கக்கூடியவை. நீங்கள் சாப்பிடும் மாத்திரையிலும் இரண்டு மருந்துகள் இருக்கின்றன, அவையும் ஏறக்குறைய இதே வேலைகளைத்தான் செய்கின்றன: டெல்மிசார்டன் குழாய்களைத் தளர்த்துகிறது, ஹைட்ரோகுளோரோதையசைடு சிறுநீர் வழியாக நீரையும் உப்பையும் இறக்குகிறது. இந்த இரண்டாவது மருந்தின் வேகம் சாப்பிட்டு ஏறக்குறைய நான்கு மணி நேரத்தில் உச்சத்துக்கு வரும். ஏழு மணிக்கு மாத்திரை, ஒன்பதரைக்கு வகுப்பு என்றால், ஒரே தொட்டியின் எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டது போலத்தான். அந்த நிலையில் குனிந்து நிமிர்ந்தால் மூளைக்குப் போகவேண்டிய ரத்தம் சில நொடிகள் குறைந்து கண் இருட்டுகிறது.

இதை நீங்களே வீட்டில் அளந்து பார்க்கலாம். மேற்கையில் பட்டை சுற்றும் டிஜிட்டல் கருவி போதும். மணிக்கட்டுக் கருவியும் கைபேசிச் செயலியும் வேண்டாம். நாற்காலியில் சாய்ந்து, கால்களைத் தரையில் ஊன்றி, ஐந்து நிமிடம் பேசாமல் அமர்ந்திருந்து ஒரு முறை அளவெடுங்கள். எழுந்து நின்று ஒரு நிமிடத்தில் ஒரு முறையும் மூன்று நிமிடத்தில் ஒரு முறையும் எடுங்கள். நின்றபோது மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் குறைந்தாலோ, கீழ் எண் 10 அல்லது அதற்கு மேல் குறைந்தாலோ, உங்களுக்கு ஏற்படுவது நிற்கும்போது அழுத்தம் இறங்கும் கோளாறுதான். மாத்திரை சாப்பிட்டு நான்கு மணி நேரம் கழித்து ஒரு நாளும், மாலையில் ஒரு நாளும் இவ்வாறு எடுத்துத் தாளில் எழுதிக்கொண்டு மருத்துவரிடம் செல்லுங்கள். அளவு சரியாக இருந்தாலும் செல்லத்தான் வேண்டும். சூட்டில் நடப்பதை வீட்டு நாற்காலி முழுமையாகக் காட்டிவிடாது.

கழிவு வெளியேறுகிறது என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. வியர்வையில் இருப்பது பெரும்பாலும் நீர், அடுத்தது உப்பு, மீதி சொற்பம். ரத்தத்திலுள்ள கழிவைக் கையாளும் வேலை கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் உரியது. அதிகமாக வியர்த்து உடல் வறண்டால் சிறுநீரகத்துக்கு வரும் ரத்தம் குறைந்து அதன் வேலை தடைப்படுமே ஒழியச் சுலபமாகாது. தலைசுற்றல், குமட்டல், தலைவலி ஆகியவை சூடு தாங்க முடியாமல் உடம்பு எழுப்பும் முறையீடு. அவற்றை நல்ல அறிகுறி என்று மாற்றிச் சொல்லிக்கொடுப்பவர் எவ்வளவு அன்பானவராக இருந்தாலும், அந்த அன்பை வாங்கிக்கொண்டு அறிவுரையை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். தலை சுற்றினால் பாயில் படுங்கள். இரண்டு நிமிடத்தில் தெளியாவிட்டால் வெளியே வாருங்கள். அறையை விட்டு வெளியேறக்கூடாது என்பது சில ஸ்டூடியோக்களில் எழுதப்படாத விதியாகவே இருக்கிறது. அந்த விதிக்கு உடற்கூறு சார்ந்த நியாயம் எதுவும் கிடையாது.

மருத்துவர் சம்மதித்தபின் மாலை வகுப்புக்கு மாறிக்கொள்ளுங்கள். வகுப்புக்காக மாத்திரை நேரத்தை நீங்களாக மாற்ற வேண்டாம், மாத்திரைக்காக வகுப்பு நேரத்தை மாற்றுங்கள். அதைவிட முக்கியமானது வலி மாத்திரை. சூட்டில் தசைகள் இளகிவிட்டதாகத் தோன்றுவதால் பலரும் வழக்கத்தைவிட அதிகமாக வளைந்துவிட்டு, மறுநாள் தொடையையும் இடுப்பையும் பிடித்துக்கொண்டு மருந்துக் கடையில் ஐபூப்ரோஃபென் அல்லது டைக்ளோஃபினாக் கேட்டு வாங்குகிறார்கள். உங்களைப் போல் டெல்மிசார்டன் வகை மருந்தையும் நீரிறக்கும் மருந்தையும் சேர்த்துச் சாப்பிடுபவர், உடல் வறண்டிருக்கும் வேளையில் இந்த வலி மாத்திரையையும் மூன்றாவதாகச் சேர்த்தால், சிறுநீரகம் திடீரெனச் செயலிழக்கும் அபாயம் உண்டு. ரத்த அழுத்தத்துக்கு என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்காமலே வலி மாத்திரையை எடுத்து நீட்டும் கடைக்காரர்கள் எங்கும் இருக்கிறார்கள். அவர் கேட்காவிட்டாலும் நீங்கள் சொல்லுங்கள்.

அடுத்தது, வரவேற்பு மேசையில் அடுக்கி வைத்திருக்கும் தாது உப்புப் பொடிப் பொட்டலங்கள். அன்பான ஸ்டூடியோக்களில் இவை இன்னும் அன்பாக விற்கப்படுகின்றன. இவற்றில் பலவற்றில் பொட்டாசியம் இருக்கும்; டெல்மிசார்டன் பொட்டாசியத்தை உடம்பில் தேக்கி வைக்கும் மருந்து. சோடியமும் இருக்கும், அதைக் குறைக்கச் சொல்லித்தான் உங்கள் மருத்துவர் இத்தனை ஆண்டுகளாக மன்றாடிக்கொண்டிருப்பார். வழக்கமான சாப்பாடு சாப்பிடும் ஒருவருக்கு ஒரு வகுப்புக்குத் தண்ணீரே போதும். எவ்வளவு தண்ணீர் என்பதை எடை பார்க்கும் கருவி சொல்லும்: வகுப்புக்கு முன்னும், முடிந்து வியர்வையைத் துடைத்த பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஒரு லிட்டர் நீர் போயிருக்கிறது. 65 கிலோ எடையுள்ளவர் 1.3 கிலோவுக்கு மேல் இழந்தால், அதாவது 2 சதவீதத்தைத் தாண்டினால், அன்று அளவு மீறிவிட்டது என்று பொருள். எடை கூடியிருந்தாலும் தவறுதான். வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் ஆபத்தான அளவுக்கு இறங்கும், நீரிறக்கும் மாத்திரை சாப்பிடுபவருக்கு அது இன்னும் எளிதில் நேரும்.

இங்கே ஒரு விதிவிலக்கைச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதை யாரும் சொல்வதில்லை. இதயம் எவ்வளவு வேகமாக அடிக்கிறது என்பதை வைத்து உழைப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்பது பொதுவான அறிவுரை. கைக்கடிகாரமும் அதைத்தான் காட்டுகிறது. ஆனால் அட்டினோலால், மெட்டோப்ரோலால், பிசோப்ரோலால், நெபிவோலால், கார்வெடிலால் என்று ‘லால்’ என முடியும் மருந்துகளைச் சாப்பிடுபவர்களுக்கு இந்த அளவுகோல் பயன்படாது. இந்த வகை மருந்துகள் இதயத் துடிப்பு ஏறாமல் பிடித்து வைப்பவை. உடம்பு கொதித்துக்கொண்டிருக்கும்போதும் கடிகாரம் 90 என்று சாந்தமாகக் காட்டும், அணிந்திருப்பவரும் நமக்கு இன்னும் தெம்பு இருக்கிறது என்று நம்பி அடுத்த ஆசனத்துக்குப் போவார். சூட்டை வெளியேற்றத் தோலுக்குக் கூடுதல் ரத்தம் போகவேண்டிய நேரத்தில் அதற்கும் இம்மருந்துகள் ஓரளவு இடையூறாக இருக்கும். உங்கள் அட்டையில் அப்படி ஒரு பெயர் இல்லை என்று விட்டுவிடாதீர்கள். கூட்டு மாத்திரைகளில் இரண்டாவது பெயராகச் சிறிய எழுத்தில் இருக்கலாம், நடுக்கத்துக்கோ ஒற்றைத் தலைவலிக்கோ வேறொரு மருத்துவர் ப்ரோப்ரனோலால் எழுதியிருக்கலாம், கண் அழுத்த நோய்க்கான டிமோலால் சொட்டு மருந்தாகவும் இருக்கலாம். கண்ணில் விடும் சொட்டுதானே என்று மருத்துவரிடம்கூடச் சொல்லாமல் விடுபவர்கள் பலர். அந்தச் சொட்டும் ரத்தத்தில் கலந்து துடிப்பைக் குறைக்கக்கூடியது, தலைகீழான ஆசனங்களோ கண்ணின் அழுத்தத்தை ஏற்றக்கூடியவை. ‘லால்’ மருந்து எடுப்பவர்கள் எல்லோரும் துடிப்பை நம்பாமல், ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் சொல்ல முடிகிறதா என்பதை நம்ப வேண்டும். மாத்திரையைத் திடீரென நிறுத்தச் சொல்லும் பயிற்றுநரின் பேச்சு உண்மையிலேயே உயிருக்கு உலை வைப்பதும் இவர்கள் விஷயத்தில்தான். இந்த மருந்துகளைச் சட்டென்று நிறுத்தினால் துடிப்பும் அழுத்தமும் எகிறி, இதய நோயுள்ளவருக்கு மாரடைப்புவரை போகலாம்.

கர்ப்பிணிகள், இதய நோயாளிகள், முன்பு வெப்பத்தாக்கம் (ஹீட் ஸ்ட்ரோக்) கண்டவர்கள் சூடேற்றிய அறைக்கே போக வேண்டாம்.

சேரும்போது ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கியிருப்பார்கள். அதில் ‘ரத்த அழுத்தம் உண்டா’ என்ற கட்டத்தில் நீங்கள் குறியிட்டிருப்பீர்கள். அதைப் படித்து ஒருவராவது உங்களிடம் ஒரு கேள்வி கேட்டார்களா? அந்தத் தாள் உங்களைக் காப்பதற்காக அல்ல, உங்களுக்கு ஏதாவது ஆனால் நிறுவனத்தைக் காப்பதற்காக. சில இடங்களில் மருத்துவச் சான்றிதழும் கேட்கிறார்கள். எங்கள் தொழிலில் இருப்பவர்களே, அறையின் வெப்பநிலை என்ன, நோயாளி என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்காமல் இரண்டு நிமிடத்தில் ‘உடற்தகுதி உண்டு’ என்று எழுதி முத்திரை குத்திக் கொடுக்கிறார்கள் என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன். பயிற்றுநரின் சுவரில் தொங்கும் யோகா அலையன்ஸ் பதிவுச் சான்றும் மருத்துவத் தகுதியாகாது. அது ஒரு தனியார் அமைப்பு. 200 மணி நேரப் பயிற்சி முடித்தவர்களைப் பதிவு செய்துகொள்கிறது, உரிமம் வழங்குவதில்லை. மருந்தைக் குறைக்கவும் நிறுத்தவும் அந்த 200 மணி நேரத்தில் யாரும் தகுதி பெறுவதில்லை.

வெப்பநிலையையும் கேளுங்கள். ஹாட் யோகாவைப் பிரபலமாக்கிய பிக்ரம் சவுத்ரி வகுத்த முறையில் 26 ஆசனங்களும் 2 மூச்சுப் பயிற்சிகளும் 90 நிமிடத்தில், 40.6 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலும் 40 சதவீத ஈரப்பதத்திலும் செய்யப்படுகின்றன. ஹாட் யோகா என்ற பெயரில் இதைவிடக் குறைந்த சூட்டில் நடத்துபவர்களும் உண்டு. ஈரப்பதம் கூடக் கூட வியர்வை ஆவியாகாமல் சொட்டும். சொட்டும் வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. சுவரில் வெப்பமானியும் ஈரப்பதமானியும் இல்லாத அறையில் எத்தனை டிகிரி என்று யாராலும் சொல்ல முடியாது. அமெரிக்க உடற்பயிற்சிக் கவுன்சில் 2015இல் வெளியிட்ட ஆய்வில், பிக்ரம் வகுப்பில் பங்கேற்ற ஆரோக்கியமான 20 பேரின் உடலுள் வெப்பத்தை அளந்தபோது, சிலருக்கு 39.4 டிகிரியைத் தாண்டியது, ஒருவருக்கு 40 டிகிரியைத் தொட்டது. அவர்களிடம் வெளித்தோற்றத்தில் சூடு தாங்காத அறிகுறி எதுவும் தெரியவில்லை. முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்னும் பயிற்றுநர்களை இதனால்தான் நான் நம்புவதில்லை. பேச்சு குழறினாலோ, இடம் தெரியாமல் விழித்தாலோ அது வெப்பத்தாக்கம். ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திராமல் அப்போதே உடம்பெங்கும் குளிர்ந்த நீரை ஊற்ற வேண்டும்.

உங்களுக்கு வேண்டியது யோகாவா, சூடா என்பதையும் யோசியுங்கள். டெக்சஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2018இல் வெளியிட்ட ஆய்வில், 40 முதல் 60 வயதுக்குட்பட்டவர்கள் இதே பிக்ரம் ஆசனங்களை 12 வாரம் செய்தபோது, சூடான அறையில் செய்தவர்களுக்கும் சாதாரண அறையில் செய்தவர்களுக்கும் ரத்தக் குழாய்களின் உட்சுவர் செயல்பாடு ஒரேபோல் மேம்பட்டது. எடை குறையும் என்ற கணக்கும் அப்படித்தான்: ஒரு வகுப்பில் ஆயிரம் கலோரி கரையும் என்பார்கள், கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் அளந்தபோது 90 நிமிடத்துக்குப் பெண்களுக்குச் சராசரியாக 330, ஆண்களுக்கு 460 என்றுதான் வந்தது. அதே ஸ்டூடியோவில் சூடேற்றாத வகுப்பு இருந்தால், அதே பயிற்றுநரிடம், அதே நண்பர்களோடு அதில் சேருங்கள். அங்கும் குனிந்த நிலையிலிருந்து மெதுவாகப் பாதி நிமிர்ந்து, ஒரு மூச்சு விட்டு, பின்பு முழுதாக நிமிருங்கள்; பின்னால் வளையும் உஷ்ட்ராசனத்தையும் வேகமாக மூச்சு விடும் கபாலபாதியையும் இப்போதைக்குத் தவிருங்கள்.

சில மாதப் பயிற்சிக்குப் பின் உங்கள் அழுத்தம் உண்மையிலேயே இறங்கினால் மருத்துவரே மாத்திரையின் அளவைக் குறைப்பார். போகும்போது அளவுகளை எழுதிய தாளையும், கண் சொட்டு உட்பட எல்லா மருந்து அட்டைகளையும் எடுத்துச் சென்று, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், சோடியம், பொட்டாசியம் மூன்றுக்கும் ரத்தப் பரிசோதனை எழுதித் தரும்படி கேளுங்கள். அந்த முடிவு வரும்வரை வகுப்புக்கு வகுப்பு பணம் கட்டுங்கள். தள்ளுபடி இந்த வாரத்தோடு முடிகிறது என்று அழுத்தினால், உடல்நலக் காரணத்தால் வர முடியாமல் போனால் மீதித் தொகை திரும்பக் கிடைக்குமா என்று எழுத்தில் கேளுங்கள். கிடைக்காது என்றாலோ, பேசிக்கொள்ளலாம் என்றாலோ, சந்தா கட்ட வேண்டாம்.