டிஸ்னி வேர்ல்ட் பயணம்: உள்ளே தங்குவதா, வெளியே தங்குவதா?

கோடை விடுமுறைக்கு ஆர்லாண்டோ டிஸ்னி வேர்ல்ட் போகிறீர்கள். நீங்கள் இருவர், 4 வயதிலும் 9 வயதிலும் பிள்ளைகள், ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மா என்று மொத்தம் ஆறு பேர். டிஸ்னியின் சொந்த ஹோட்டலில் அறை எடுப்பதா, பக்கத்து ஊரான கிஸ்ஸிமி பக்கம் வெளியே எடுப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். வாடகை வெளியே பாதிதான் என்று பார்த்தவுடன் வரும் குழப்பம்தான் இது.

என் பதில்: பார்க்குக்குப் போகும் நாட்களில் உள்ளே தங்குங்கள். பயணத்தில் மீதி நாட்கள் இருந்தால் அதற்கு வெளியே ஒரு வீடு எடுங்கள். ஏதாவது ஒன்றுக்குத்தான் பட்ஜெட் இடம் கொடுக்கும் என்றால், அப்பா அம்மா தினமும் பார்க்குக்கு வருவார்களா என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் அட்லாண்டாவிலிருந்து காரிலேயே போகிறவர்கள். இரண்டு விதமாகவும் தங்கியிருக்கிறோம், மாமனார் மாமியாரை அழைத்துக்கொண்டும் போயிருக்கிறோம். அந்த அனுபவத்தில்தான் சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். 'உள்ளே' என்றால் பார்க் வாசலிலேயே ஹோட்டல் என்று நினைத்துவிடாதீர்கள். டிஸ்னி வேர்ல்ட் மொத்தம் சுமார் 40 சதுர மைல். மேஜிக் கிங்டம், எப்காட், ஹாலிவுட் ஸ்டூடியோஸ், அனிமல் கிங்டம் என்று நான்கு பெரிய பார்க்குகள், இருபத்தைந்துக்கும் மேற்பட்ட ஹோட்டல்கள். டிஸ்னியின் சொந்த ஆல்-ஸ்டார் ஹோட்டல்களிலிருந்து மேஜிக் கிங்டம் போக பஸ்ஸில் நல்ல தூரம். டிஸ்னிக்குச் சொந்தமில்லாத சில ஹோட்டல்கள் அதைவிடக் கிட்ட இருக்கின்றன. ஆகவே உள்ளே தங்குவதற்குக் கொடுக்கும் கூடுதல் பணம் தூரத்துக்கானது அல்ல. இலவசப் போக்குவரத்துக்கும், தங்குபவர்களுக்கு மட்டும் கிடைக்கும் சில சலுகைகளுக்கும்தான் அந்தப் பணம்.

உங்கள் குடும்பத்துக்கு இந்தப் போக்குவரத்துதான் எல்லாவற்றையும்விட முக்கியம். ஏன் என்றால், கோடையில் மத்திய ஃபுளோரிடாவில் மதியம் ஒரு மணிக்கு மேல் வெளியே நிற்க முடியாது. வெயிலும் புழுக்கமும் சென்னை மே மாதத்துக்குச் சளைத்ததல்ல. அது போதாதென்று பெரும்பாலான நாட்களில் பிற்பகலில் இடி மின்னலோடு மழை வேறு. வெளியில் ஓடும் ரைடுகளை அப்போது நிறுத்திவிடுவார்கள். காலையில் கதவு திறக்கும்போதே போய், மதியம் அறைக்குத் திரும்பி, குளித்துத் தூங்கி, சாயங்காலம் மறுபடி போவதுதான் சின்னக் குழந்தையும் பெரியவர்களும் இருக்கும் வீட்டுக்கு ஒத்துவரும் முறை. டிக்கெட் ஒரே நாளில் எத்தனை முறை வெளியே போய் வந்தாலும் செல்லும்.

வெளியே தங்கினால் இதைச் செய்வது எவ்வளவு கஷ்டம் என்று பாருங்கள். காரில் மேஜிக் கிங்டம் போகிறவர்கள் பார்க் வாசலில் காரை நிறுத்த முடியாது. ஏரிக்கு மறுகரையில் உள்ள டிரான்ஸ்போர்ட்டேஷன் அண்ட் டிக்கெட் சென்டரில் நிறுத்தி, அங்கிருந்து மோனோரயிலோ படகோ பிடித்துத்தான் வாசலுக்குப் போக வேண்டும். திரும்பும்போதும் அதே வரிசை: படகு, அப்புறம் பார்க்கிங்கில் கார் இருக்கும் இடம் வரை டிராம் அல்லது நடை, அப்புறம் ஐ-4 நெடுஞ்சாலையின் நெரிசல். தூங்கி விழும் நாலு வயசுப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் இப்படிப் போய், சாயங்காலம் மறுபடி அதே வழியில் வரவேண்டும் என்றால் யாருக்கும் மனசு வராது. 'இருந்தது இருந்துவிட்டோம், பட்டாசு பார்த்துவிட்டே போகலாம்' என்று எல்லோரும் வெயிலில் வாடுவார்கள். டிஸ்னி ஹோட்டல் பஸ்களோ மேஜிக் கிங்டம் வாசலுக்கு நேராக வந்து நிற்கும். ஏரியைக் கடக்கும் வேலையே கிடையாது.

இதைவிட முக்கியமானது ஒன்று. வெளியே தங்கினால் ஆறு பேரும் ஒரே காருக்குக் கட்டுப்பட்டவர்கள். ஒருவருக்கு முடியவில்லை என்றால் எல்லோரும் கிளம்ப வேண்டும், இல்லாவிட்டால் ஒருவர் ஓட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு வர வேண்டும். பெரியவர்கள் இதைப் புரிந்துகொண்டு, தங்களால் யாருக்கும் தொந்தரவு வரக்கூடாது என்று வலியை வெளியே சொல்லவே மாட்டார்கள்.

என் மாமியாருக்கு முழங்கால் வலி. டிஸ்னியின் பாப் செஞ்சுரி ஹோட்டலில் தங்கியிருந்தபோது, மேஜிக் கிங்டமில் பன்னிரண்டு மணி வாக்கில், "நீங்க இருங்கம்மா, நாங்க போய்க் கொஞ்சம் படுக்கிறோம்" என்று அவரும் மாமனாரும் கிளம்பிவிட்டார்கள். வாசலுக்கு வெளியே ஒவ்வொரு ஹோட்டலுக்கும் தனித்தனி நிறுத்தம், மேலே பெயர்ப் பலகை, அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று காட்டும் திரை. மாமனார் பலகையைப் படித்து அவரை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். இறங்கும் இடம் ஹோட்டல் வாசல்தான், தவறவிட வழியே இல்லை. மாலை ஏழு மணிக்கு முகம் கழுவி, புடவை மாற்றி, பூப் போட்ட சால்வையோடு மாமியார் திரும்பி வந்து கோட்டைக்கு எதிரே உட்கார்ந்து வாணவேடிக்கை முழுவதையும் பார்த்தார். வெளியே தங்கியிருந்தால் அவர் அதைப் பார்த்திருக்கவே மாட்டார் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

வெளி ஹோட்டல்கள் 'இலவச ஷட்டில் உண்டு' என்று போட்டிருப்பதை நம்பி இதே வசதி அங்கேயும் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். பெரும்பாலும் காலையில் சில நடை, இரவில் சில நடைதான். பல ஹோட்டல்களில் முன்பதிவும் செய்ய வேண்டும். மதியம் ஒரு மணிக்கு வண்டி உண்டா என்று புக் செய்வதற்கு முன்பே போன் செய்து கேட்டுவிடுங்கள்.

டிஸ்னி ஹோட்டல்களுக்குள்ளும் எது என்பது முக்கியம். என் தேர்வு ஸ்கைலைனர் என்ற கேபிள் கார் நிற்கும் ஹோட்டல்கள்தான். 2019இல் தொடங்கிய இது எப்காட்டுக்கும் ஹாலிவுட் ஸ்டூடியோஸுக்கும் போகிறது. குறைந்த விலைப் பிரிவில் இந்த வசதி உள்ளவை பாப் செஞ்சுரியும் ஆர்ட் ஆஃப் அனிமேஷனும். இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன ஏரி, அதன் பாலத்தில் பொதுவான நிலையம். பஸ்ஸில் ஸ்ட்ரோலரை மடித்தாக வேண்டும், ஸ்கைலைனரில் சாதாரண ஸ்ட்ரோலரை குழந்தை தூங்கத் தூங்க அப்படியே உருட்டிக்கொண்டு போய்விடலாம். எப்காட்டின் பின்வாசலில், பிரான்ஸ் நாட்டு மாதிரிப் பகுதிக்குப் பக்கத்திலேயே இறக்கிவிடுவதால் அங்குள்ள ரெமி ரைடுக்கு முதல் ஆளாகப் போகலாம். ஒரே குறை, மின்னல் வெட்டினால் நிறுத்திவிடுவார்கள். அப்போது பஸ்தான். மேஜிக் கிங்டமுக்கும் அனிமல் கிங்டமுக்கும் எப்படியும் பஸ்தான்.

சலுகைகளில் இரண்டு உருப்படியானவை. தங்குபவர்கள் எல்லோரும் தினமும் எந்தப் பார்க்கிலும் அரை மணி நேரம் முன்னதாக நுழையலாம். அந்த அரை மணியில், பகலில் ஒரு மணி நேரம் வரிசை நிற்கும் ரைடு ஒன்றையோ இரண்டையோ முடித்துவிடலாம். ஆனால் அதற்கு விடியற்காலையில் எழுந்து கிளம்ப வேண்டும். பிள்ளைகளை எட்டு மணிக்குத்தான் எழுப்புவேன் என்பவர்களுக்கு இதற்காகப் பணம் கொடுப்பது வீண். இரண்டாவது, கட்டணம் கட்டி வரிசையைக் குறைக்கும் லைட்னிங் லேன் முன்பதிவு. டிஸ்னி ஹோட்டலில் இருப்பவர்கள் செக்-இன்னுக்கு 7 நாள் முன்பே தங்கும் நாட்கள் அனைத்துக்கும் சேர்த்து எடுத்துவிடலாம், மற்றவர்களுக்கு 3 நாள் முன்புதான் திறக்கும். ஸ்லிங்கி டாக் டேஷ் போல எல்லோரும் விரும்பும் ரைடுகளுக்கு நல்ல நேரங்கள் அதற்குள் போய்விடும். கோடைக்கூட்டத்தில் இந்த நாலு நாள் வித்தியாசம் பெரியது.

ஒருகாலத்தில் விமான நிலையத்திலிருந்து இலவச பஸ்ஸும் இருந்தது. 2022 தொடக்கத்தோடு அது நின்றுவிட்டது. பழைய வீடியோக்களைப் பார்த்து அதை எதிர்பார்க்காதீர்கள்.

இனி பணம். இங்கேதான் ஆறு பேர் என்பது உறுத்தும். பாப் செஞ்சுரி அறையில் நான்கு பேர்தான் தங்கலாம், ஆகவே இரண்டு அறை. அல்லது ஆர்ட் ஆஃப் அனிமேஷனில் ஆறு பேருக்கான குடும்ப சூட், இரண்டு குளியலறையோடு. அது கோடையில் ஓர் இரவுக்கு 400 டாலரைத் தாண்டிவிடும். இரண்டு பாப் செஞ்சுரி அறைகள் பல தேதிகளில் அதைவிட மலிவாக வரும், பெரியவர்களுக்குத் தனிக் கதவும் கிடைக்கும். அதனால் எனக்கு அதுதான் பிடிக்கும். இரண்டாவது கட்டில் சுவரிலிருந்து இறக்குவது, பகலில் மேசையாகிவிடும். உள்கதவால் இணைந்த அறைகள் வேண்டும் என்று முன்னமே சொல்லிவையுங்கள்.

வெளி ஹோட்டலின் விலையை ஒப்பிடும்போது வாடகைக்கு மேல் தனியாக வாங்கும் ரிசார்ட் ஃபீ, ஹோட்டல் பார்க்கிங், பார்க்கில் ஒரு நாளைக்கு 30 டாலருக்குக் குறையாத பார்க்கிங் எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். டிஸ்னி ஹோட்டலில் ரிசார்ட் ஃபீ இல்லை, இரண்டு இடத்திலும் பார்க்கிங் இலவசம். கூட்டிய பிறகும் வெளியேதான் மலிவு. ஆனால் வித்தியாசம் பாதி என்று தோன்றியது பாதியாக இருக்காது.

வெளியே எடுப்பதென்றால் ஹோட்டல் வேண்டாம், வீடு எடுங்கள். கிஸ்ஸிமி, டேவன்போர்ட் பக்கம் மூன்று நான்கு படுக்கையறை, சமையலறை, துவைக்கும் இயந்திரம், பின்னால் நீச்சல் குளம் என்று வாடகைக்கு ஏராளம். சுத்தம் செய்யும் கட்டணமும் வரியும் சேரும், அதைச் சேர்த்தே விலை பாருங்கள். டிஸ்னியின் சாதாரண அறைகளில் அடுப்பு கிடையாது. சைவம் மட்டும் சாப்பிடும், ஒரு வேளையாவது ரசம் சாதம் வேண்டும் என்னும் பெரியவர்களுக்கு தொடர்ந்து ஐந்து நாள் ஃபுட் கோர்ட் பெரிய சோதனை. அப்பா அம்மா ஒருநாள் பார்த்தால் போதும் என்பவர்களாக இருந்தால், வீடுதான் அவர்களுக்கு மரியாதையான இடம். அங்கே அவர்கள் அறைக்குள் அடைந்து கிடக்க வேண்டியதில்லை. எதில் தங்கினாலும் ஒன்று சொல்கிறேன்: வெளிச் சாப்பாட்டை பார்க்குக்குள் எடுத்துப் போகலாம், கண்ணாடிப் பாத்திரமும் மதுவும் கூடாது. நாங்கள் புளியோதரையும் சப்பாத்தி ரோலும் கட்டிக்கொண்டுதான் போவோம்.

நடுவில் ஒரு வழியும் உண்டு. மேரியட் நடத்தும் ஸ்வான், டால்ஃபின் ஹோட்டல்கள் டிஸ்னி வளாகத்துக்குள்ளேயே இருக்கின்றன. எப்காட்டுக்கும் ஹாலிவுட் ஸ்டூடியோஸுக்கும் நடந்தே போகலாம், முன்னதாக நுழையும் சலுகையும் உண்டு. உங்களிடம் மேரியட் பாயின்ட் சேர்ந்திருந்தால் முதலில் இதைப் பாருங்கள். ரிசார்ட் ஃபீயும் பார்க்கிங்கும் மட்டும் தனி.

ஆர்லாண்டோவிலேயே இருக்கும் வேறொரு நிறுவனத்தின் பார்க்குகளான யூனிவர்சலுக்கும் போவதாக இருந்தால் அங்கே கணக்கே வேறு. அவர்களுடைய போர்ட்டோஃபினோ பே, ஹார்ட் ராக், ராயல் பசிஃபிக் ஹோட்டல்கள் மூன்றிலும் தங்குபவர்களுக்கு வரிசையைத் தாண்டும் எக்ஸ்பிரஸ் பாஸ் இலவசம், வரும் நாளுக்கும் கிளம்பும் நாளுக்கும் சேர்த்து. கூட்ட நாட்களில் அது தனியாக ஆளுக்கு 100 டாலருக்கு மேல் போகும். ஆகவே அங்கே ஒரே ஓர் இரவு தங்கி இரண்டு நாள் பார்க் பார்த்தால், நீங்கள் நால்வருக்கும் அறை வாடகை பாஸிலேயே வந்துவிடும். பழைய இரண்டு பார்க்குகளுக்குத்தான் இது, 2025 மே மாதம் திறந்த எபிக் யூனிவர்ஸ் என்ற அவர்களுடைய புதிய பார்க்குக்குச் செல்லாது. உங்கள் சின்னவருக்கு 4 வயதுதான் என்பதால் உயரக் கட்டுப்பாட்டில் பல ரைடுகள் போய்விடும், அதையும் யோசியுங்கள்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் பாப் செஞ்சுரியில் இரண்டு அறை நான்கு இரவுக்கு எடுப்பேன், அதற்கு முன்போ பின்போ கிஸ்ஸிமியில் ஒரு வீடு மூன்று இரவுக்கு. வீட்டை பின்னால் வைத்தால் நல்லது. ஓடி அலுத்த பிறகு குளத்தில் கிடக்கவும், அழுக்குத் துணியைத் துவைத்து மடித்துக்கொண்டு ஊர் திரும்பவும் வசதி. டிஸ்னி அறையை டிக்கெட்டோடு சேர்ந்த பேக்கேஜாக எடுக்காமல் தனியாக புக் செய்யுங்கள். ஓர் இரவு வாடகை மட்டும் முன்பணம், செக்-இன்னுக்கு ஒரு வாரம் முன்பு வரை ரத்து செய்தால் முழுவதும் திரும்பக் கிடைக்கும். கோடைக்கான தள்ளுபடி அறிவிப்பு வந்தால் அதே பதிவை அந்த விலைக்கு மாற்றித் தரவும் கேட்கலாம். வாடகை வீடுகளில் ரத்து விதி கடுமையாக இருக்கும், அதனால் வீட்டை பெரியவர்கள் பயணத் தேதி உறுதியான பிறகு புக் செய்யுங்கள்.