சீனி வருத்தம் உள்ளவருக்குக் கண் நரம்பில் ரத்த ஓட்டம் குறைந்து ஒரு கண் பாதி மறைந்தால் பார்வை திரும்புமா?

நீங்கள் கேட்டது: அப்பாவுக்கு 58 வயது, சீனியும் பிரஷரும் உண்டு. விடிய எழும்பியபோது வலக்கண்ணில் கீழ்ப்பாதி மறைந்திருந்தது, நோவில்லை. லேசர் அல்லது ஊசியால் சரிவருமா?

சரிவராது. லேசரும் கண்ணுக்குள் போடும் ஊசியும் விழித்திரைக்கானவை. இங்கே அடிபட்டது பார்வை நரம்பின் தலைப்பகுதி. ஏறத்தாழ 10 லட்சம் நரம்பிழைகள் ஒன்றரை மில்லிமீற்றர் அளவுள்ள துவாரத்தால் வெளியேறும் இடம் அது. சிலருக்குப் பிறவியிலேயே அந்தத் துவாரம் ஒடுக்கம். நரம்பின் தலைப்பகுதியை ஊட்டும் சிறு நாடிகளில் ரத்த ஓட்டம் குறைந்ததும் இழைகள் வீங்கும். வீங்க இடமில்லாததால் பக்கத்து இழைகளையும் நெரிக்கும். சீனிக் கிளினிக்கில் எடுத்த விழித்திரைப் படம் நோர்மல் என்று வந்தவருக்கும் இது வருவது அதனால்தான்.

பெரும்பாலும் போவது கீழ்ப்பாதிதான். எதிரே நிற்பவரின் நெற்றி தெரியும், வாய் தெரியாது. படி இறங்கும்போது கால் தடுமாறும். டொக்டர் டோர்ச் வெளிச்சத்தை இரு கண்களுக்கும் மாறி மாறிக் காட்டுவார். பாதித்த கண்ணுக்கு வெளிச்சம் வரும்போது கண்மணி சுருங்காமல் விரிந்தால் நரம்பில் கோளாறு என்று அர்த்தம்.

முதல் நாளே செய்ய வேண்டியது ஒன்று: 50 தாண்டியவர் என்பதால் உடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ரத்தப் பரிசோதனைகளான ஈ.எஸ்.ஆர், சி.ஆர்.பி, பிளேட்லெட் மூன்றையும் பார்க்க வேண்டும். நாடி அழற்சியால் (ரத்தக் குழாயின் சுவர் வீங்கி ஓட்டத்தைத் தடுக்கும் வருத்தம்) இதே மாதிரிப் பார்வை போனால் ஸ்டீரொயிட் உடனே தொடங்காவிட்டால் சில நாட்களிலேயே மற்றக் கண்ணும் போகலாம். புதிதாய் வந்த தலையிடி, சாப்பாடு மெல்லும்போது தாடை நோவு, தலை சீவும்போது நோவு இருக்கிறதா என்று கேளுங்கள். நம்மவர்களிடம் நாடி அழற்சி அரிது, ஆனாலும் விடக்கூடாது. சீனிக்காரருக்குச் சிறுநீரகக் கோளாறாலும் ஈ.எஸ்.ஆர் ஏறும், அதை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது. அப்பாவுக்கு இன்னும் இந்த ரத்தப் பரிசோதனை நடக்கவில்லை என்றால் இன்றே கொழும்பு தேசிய கண் வைத்தியசாலைக்குக் கூட்டிப்போங்கள், அடுத்த கிளினிக் திகதிக்குக் காத்திருக்க வேண்டாம். கிளினிக் கொப்பியும் குளிசைப் பெட்டியும் கையில் இருக்கட்டும்.

அழற்சி இல்லை என்றால் வீக்கம் 6 முதல் 8 வாரத்தில் வற்றும், நரம்பு வெளிறும். பார்வை நன்றாகக் குறைந்தவர்களிலும் ஐந்தில் இருவர் அளவுக்கு ஆறு மாதத்தில் தானாகவே ஓரளவு தெளிவு கிடைக்கிறது. எந்த மருந்தை விற்பவரும் அந்தத் தெளிவைத் தன் கணக்கில் எழுதிக்கொள்வார், கவனம். இரண்டு மாதமாகியும் வீக்கம் வற்றாவிட்டால், அல்லது பார்வை குறைந்துகொண்டே போனால், எம்.ஆர்.ஐ கேட்டு எடுங்கள்.

இனி மற்றக் கண். ஐந்து வருடத்துக்குள் அதிலும் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 15 வீதம். நித்திரையில் பிரஷர் இயல்பாகவே இறங்கும். படுக்கப்போகும்போது பிரஷர் குளிசை எடுத்தால் இன்னும் இறங்கலாம். புரொஸ்டேட்டுக்கு இரவில் கொடுக்கும் குளிசையும் அப்படித்தான். நீங்களாக நிறுத்தாதீர்கள். கண்ணில் நடந்ததைச் சொல்லி, இரவுக் குளிசையைக் காலைக்கு மாற்றலாமா என்று கிளினிக் டொக்டரிடம் கேளுங்கள். 24 மணி நேரப் பிரஷர் பரிசோதனை எடுக்க முடிந்தால் இன்னும் நல்லது. பலத்த குறட்டையும் இடையில் மூச்சு நின்று திணறலும் இருந்தால் அதையும் சொல்ல வேண்டும். நித்திரையில் மூச்சு நிற்கும் வருத்தம் இந்த நரம்புப் பாதிப்பு வந்தவர்களிடம் அதிகம், பலருக்கு யாரும் தேடிப் பார்ப்பதே இல்லை.

ஆண்மைக் குறைவுக்கு எடுக்கும் சில்டெனபில் போன்ற குளிசைகளை இனித் தொடக்கூடாது. பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் அப்பாமார் இதை டொக்டரிடம் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். அந்த ஐந்து நிமிடம் நீங்கள் வெளியே நில்லுங்கள். சீனிக்கும் எடை குறைக்கவும் போடும் செமாகுளூட்டைட் ஊசி போடுபவராக இருந்தால் அதையும் சொல்லச் சொல்லுங்கள்: இந்த நரம்புப் பாதிப்பை அதன் மிக அரிதான பக்கவிளைவு என்று ஐரோப்பிய மருந்து முகமை 2025இல் அறிவித்திருக்கிறது.