பழைய பத்திரங்களின் கலர் ஸ்கேனைச் சின்னக் கறுப்பு வெள்ளை ஃபைலாக மாற்றுவது எப்படி?

இலங்கை மலையகத்தில், ஹற்றன் பக்கம் சின்னதாக ஒரு கொமினிகேஷன் (ஸ்கேன், பிரின்ட்) கடை நடத்துகிறேன். தேயிலைத் தோட்டத்திலிருந்து வருகிறவர்கள் கொண்டுவரும் பத்திரங்கள் பெரும்பாலும் லயத்து (தோட்ட வரிசை வீட்டு) அடுப்புப் புகையும் மலை ஈரமும் ஏறிப் பழுப்பாகிப் போனவை. கலரில் ஸ்கேன் பண்ணினால் பல எம்பி. விண்ணப்பத்தில் ஏற்ற விடுவதோ 200 கேபி. ஆகவே இது எனக்கு அன்றாடப் பாடு.

கணக்கைப் பாருங்கள். ஏ4 தாளை 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) எடுத்தால் 2480 × 3508 புள்ளிகள். கலரில் புள்ளிக்கு 24 பிட், சுருக்காமல் 26 எம்பி. கறுப்பா வெள்ளையா என்று மட்டும் சொல்ல, புள்ளிக்கு 1 பிட் என்றால் 1.1 எம்பிதான். அதன்மேல் ஃபேக்ஸுக்காக வந்த குரூப் 4 சுருக்கத்தைப் போட்டால், சாதாரண எழுத்துப் பக்கம் சில பத்து கேபிக்கு இறங்கிவிடும். மேலுள்ள புள்ளி வரிசையோடு ஒப்பிட்டு, கறுப்பும் வெள்ளையும் மாறுகிற இடம் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று மட்டும் குறித்துக்கொள்வதுதான் அதன் வித்தை. அதில் ஒரு புள்ளிகூடத் தொலையாது. ஜேபெக்கை விட்டுவிடுங்கள், அதற்கு 1 பிட்டே தெரியாது. 'கறுப்பு வெள்ளை' என்று அது தருவது சாம்பல் படம்.

கிம்ப் என்ற இலவசப் படத் திருத்த மென்பொருளில் 'திரெஷோல்ட்' போட்டு (ஓர் அளவுக்கு மேல் வெளிச்சமான புள்ளி வெள்ளை, மற்றது கறுப்பு என்று அது பிரிக்கும்), மோடை 'இண்டெக்ஸ்ட்', 1 பிட் என்று மாற்றி, டிஃப் (TIFF) ஃபைலாகச் சேமிக்கும்போது குரூப் 4ஐத் தெரிவு செய்யலாம். 'டிதரிங்' வேண்டாம். சாம்பல் நிறத்தைக் காட்ட அது தூவுகிற பொட்டுகளால் ஃபைல் ஊதிவிடும். பிடிஎஃப்புக்குள்ளும் குரூப் 4 அப்படியே உட்காரும்.

ஆனால் வேலையே திரெஷோல்டுக்கு முன்னால்தான் இருக்கிறது. படத்தை 'டீகம்போஸ்' செய்து சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று சனலாக, அதாவது ஒவ்வொரு நிற ஒளியின் அளவை மட்டும் காட்டும் சாம்பல் படங்களாகப் பிரித்துப் பாருங்கள். சிவப்புச் சனலில் பழுப்புக் கறை வெளுத்துவிடும், நீல மை கறுத்து நிற்கும். நீலச் சனலில் கறைதான் முன்னால் வரும். இதைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் எல்லாவற்றுக்கும் சிவப்பையே போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நாள் மஸ்கெலியாவிலிருந்து ஓர் அக்கா மாமனாருடைய பிரஜாவுரிமைப் பத்திரத்தைக் கொண்டுவந்தார். பிரின்டைக் கையில் வாங்கியவர், "தம்பி, சீல எங்க காணோம்?" என்றார். சீல் சிவப்பு மை! சிவப்புச் சனலில் அது வெள்ளைக் கடுதாசியோடு கடுதாசியாகிவிட்டது. பச்சைச் சனலில் எடுத்ததும் சீலும் வந்தது, எழுத்தும் வந்தது. கறை கொஞ்சம் கூடத்தான் தெரிந்தது, பரவாயில்லை.

போனில் எடுத்த படமென்றால் ஒரு மூலையில் கை நிழல் விழுந்திருக்கும், திரெஷோல்ட் போட்டால் அந்த மூலையே கரியாகும். அதற்கு ஒரு வழி: லேயரைப் பிரதி எடுத்து, எழுத்தே தெரியாத அளவுக்கு மங்கலாக்கி, மேலே வைத்து, அதன் மோடை 'டிவைட்' ஆக்குங்கள். நிழல் போய்விடும்.

இன்னொன்று, தமிழ்ப் பத்திரம் என்றால். கறைப் பொட்டுகள் ஃபைலைப் பெருக்குகின்றன என்று, சின்னப் பொட்டுகளை அழிக்கும் 'டெஸ்பெக்கிள்' போடத் தோன்றும். நானும் போட்டேன். கையெழுத்துப் பிறப்புப் பத்திரம் ஒன்றில் 'முத்தையா' என்றிருந்தது 'முததையா' ஆகிவிட்டது. மென்பொருளுக்குப் பூஞ்சணப் பொட்டும் மெய்யெழுத்துப் புள்ளியும் ஒன்றுதானே. பெயரில் ஒரு எழுத்துப் பிசகினாலும் எத்தனை நடை நடக்க வேண்டும் என்பது எங்கள் ஆட்களுக்குத் தெரியும்.

ஜேபிக்2 (JBIG2) என்ற இன்னொரு கறுப்பு வெள்ளைச் சுருக்கம் இன்னும் சின்னதாகத் தரும். ஆனால் இழப்புள்ள முறையில் அது ஒரே மாதிரித் தெரியும் எழுத்துகளுக்கு ஒரே அச்சைப் போட்டுவிடும். 2013இல் ஜெர்மனியில் டேவிட் கிரீசல் என்பவர், ஸ்கேன் செய்த தாள்களில் 6 என்பது 8 ஆகியிருந்ததைக் கண்டுபிடித்தது இப்படித்தான். அடையாள அட்டை இலக்கம் இருக்கிற தாளுக்கு நான் குரூப் 4ஐத் தாண்டுவதில்லை. 200 கேபிக்குள் அதுவே தாராளமாக அடங்குகிறது.